மாப்பிள்ளை மாட்டின வீடு

ஒரு ஊர்ல ஒரு கட்டடம் கோவிச்சுக்கிட்டு நின்னுச்சு.

சிரிக்காதே. மனுசன் கோவிச்சா சோறு திங்கமாட்டான், மாடு கோவிச்சா பால் தராது, கட்டடம் கோவிச்சா என்ன பண்ணும்? அதைத்தான் சொல்லப்போறேன். முதல்ல போர்வையை இழுத்து மூடு, காலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. ம், அப்படித்தான். நான் நிறுத்துற இடத்துல எல்லாம் நீ "ம்" சொல்லணும். சொல்லலைன்னா தூங்கிட்டேன்னு நினைச்சு நான் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன்.

ஊரு பேரு கம்பளிமேடு. மலை மேல, ரோடு போய் முடியுற இடத்துல இருக்கிற சின்ன ஊரு. அங்க பனி இறங்குச்சுன்னா சும்மா இறங்காது. பொம்பளைங்க துவைச்ச துணிக்குக் கொடியே கட்டமாட்டாங்க, பனி மேலயே போட்டுட்டுப் போயிடுவாங்க. காயாது, ஆனா கீழேயும் விழாது. ஒரு தடவை ஒரு ஆடு பனியைப் புல்லுன்னு நினைச்சு மேஞ்சுடுச்சு. சாயங்காலம் 'மே'ன்னு கத்த வாயைத் தெறந்தா, சத்தமே இல்லை, பொகை பொகையா வந்துச்சாம். நம்புறியா?

ம்.

நம்பினாத்தான் மேல சொல்லுவேன்.

அந்த ஊர்க்காரங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. யாராவது வழி கேட்டா, இருக்கிற கட்டடத்தைச் சொல்லமாட்டாங்க. இல்லாமப்போன கட்டடத்தைத்தான் சொல்லுவாங்க. "கொட்டாய்க்கு இடது பக்கம் திரும்பு"ம்பாங்க. கொட்டாய் எரிஞ்சுபோயி எத்தனையோ காலமாச்சு! அந்த சினிமாக் கொட்டாய் எப்படி எரிஞ்சுச்சு தெரியுமா? படத்துல அப்ப மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு. கீத்துல தீப்பிடிச்சதை எல்லாரும் பார்த்தாங்க. மழைதான் பெய்யுதே, அதுவே அணைச்சிடும்னு ஒருத்தரும் எழுந்திரிக்கலை. இடைவேளை வந்து மழை நின்ன அப்புறந்தான் ஓடினாங்க.

"கொட்டாயைத் தாண்டினா சுங்கச்சாவடி"ம்பாங்க. அதுவும் இல்லை. ஒரு ஐப்பசி மழையில மண்ணு சரிஞ்சு, சாவடி அப்படியே சர்ருன்னு மலையில இறங்கிடுச்சு. உள்ள உக்கார்ந்திருந்த சுங்கக்காரர் எழுந்திரிக்கவே இல்லையாம். சறுக்கிக்கிட்டே போறப்பவும் கையை வெளிய நீட்டி, வழியில வந்தவங்ககிட்ட எல்லாம் சுங்கம் வாங்கிக்கிட்டே போனாராம்.

"அதுக்கு மேல குதிரை ஆஸ்பத்திரி"ம்பாங்க. ஒரு வெள்ளைக்காரத் துரை, தன்னோட ஒரே ஒரு நொண்டிக் குதிரைக்காகக் கட்டினது. ஒரு நாள் அடிச்ச காத்துல கூரை பறந்துபோயி பக்கத்து மலையில உக்கார்ந்துடுச்சு. கூரை போன துக்கத்துல சுவரும் விழுந்துடுச்சு.

இப்படி இல்லாத கட்டடத்துக்கெல்லாம் ஊர்ல அப்படி ஒரு மவுசு. ஆனா பஸ் நிக்கிற திருப்பத்துக்கு மேல ஒரு கட்டடம் உண்மையிலேயே நின்னுச்சு. கல்லுச் சுவரு, தகரக் கூரை, மேல ஒரு பொகைக்கூண்டு. எதுக்குக் கட்டினாங்க, யாரு கட்டினாங்க, ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் போவாங்க, வருவாங்க. ஒரு நாள்கூட யாரும் அதைச் சொல்லி வழி சொன்னதில்லை. பேருகூடக் கிடையாது. அதான் கோவம்.

ம்?

ம். இப்பத்தான் நம்ம பவுனு வர்றா.

பவுனுக்கு அன்னைக்குக் கல்யாணம். அரக்குச் சேலை, தலை நிறைய பூ, அதுக்கு மேல ஸ்வெட்டரு, அதுக்கும் மேல குரங்குக் குல்லா. கம்பளிமேட்டுல கல்யாணப்பொண்ணுன்னா அப்படித்தான். மாப்பிள்ளை பேரு தவசி, அடிவாரத்து ஊரு. அவன் பொண்ணு பார்க்க வந்தப்ப பவுனு பிளம்ஸ் பழத்துல ஊறுகாய் போட்டு வச்சிருந்தா. அவ்வளவு புளிப்பு. அவனுக்கு ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு. ஒத்தைக் கண்ணாலயே அவளைப் பார்த்து "நல்லா இருக்குங்க"ன்னான். அப்பவே பவுனு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டா, கட்டினா இவனைத்தான்னு.

ஆனா பாரு, காலையில வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரவே இல்லை. பனி வேற, கொழுக்கட்டை மாவு மாதிரி அப்பிக்கிட்டு நிக்குது. உச்சிப்பொழுதுக்குள்ள தாலி ஏறணும். விட்டா, விடிஞ்சா ஆடி மாசம் பொறந்துடும், அப்புறம் கல்யாணம் ஏது? அதுக்கும் மேல ஒரு பயம். மாப்பிள்ளையோட தாய்மாமன் சுருளின்னு ஒருத்தரு, சகுனம் பார்க்கிறதுல பெரிய ஆளு. பூனை குறுக்க வந்தா பூனை வீட்டுக்குத் திரும்பிப் போறவரைக்கும் காத்திருப்பாரு. "முகூர்த்தம் தவறிச்சுன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்"னு அவரு நிச்சயத்தன்னைக்கே சொல்லிட்டாரு.

பவுனோட அப்பா வீரணன் வாசல்ல இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குறாரு.

"அப்பா, அவங்களுக்கு வழி சரியாத்தானே சொன்னே?"

"சரியாத்தான் சொன்னேன் ஆத்தா. அந்தச் சுருளியை மூணு தடவை திருப்பிச் சொல்லவச்சேன்."

"என்னன்னு?"

"பஸ்ஸை விட்டு இறங்கு, கொட்டாய்க்கு இடது பக்கம் திரும்பு, சுங்கச்சாவடியைத் தாண்டு, குதிரை ஆஸ்பத்திரிக்கு மேல ஏறுன்னு."

பவுனு தலையில கையை வச்சுக்கிட்டா.

"அப்பா! அது ஒண்ணுகூட இல்லையேப்பா!"

"இல்லைன்னா? ஊருக்கே தெரியுமே!"

"ஊருக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீரணன் அதை அதுவரைக்கும் யோசிச்சதே இல்லை. பாவம், வாயைத் தெறந்தபடி நின்னாரு. வாய்க்குள்ள கொஞ்சம் பனி போச்சு.

அப்புறம் பவுனு யோசிச்சா. அசலூர்க்காரங்க பஸ்ஸை விட்டு இறங்குறாங்க. கொட்டாயைத் தேடுறாங்க. கொட்டாய் இல்லை. அப்போ, பனிக்குள்ள முதல்ல கைக்கு எந்தக் கட்டடம் தட்டுப்படுதோ, அதைத்தானே கொட்டாய்னு நினைப்பாங்க? சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டா. அப்பா கூப்பிடக் கூப்பிட இறங்கி ஓடினா. சளக்கு சளக்குன்னு சேத்துல ஓடுறா, பூவெல்லாம் வழியில உதிருது, ஓடுறா, ஓடுறா. ஒரு இடத்துல கையில சில்லுன்னு கல்லுச் சுவரு பட்டுச்சு. உள்ள இருந்து "அச்ச்சூ!"ன்னு ஒரு தும்மல்.

யாரு தும்மினது, சொல்லு பார்ப்போம்?

ம்… சுருளி மாமாவேதான்!

பவுனு கதவைத் தட்டினா. டம் டம் டம்.

"உள்ள யாரு?"

"பவுனா? நான்தான் தவசி!" மாப்பிள்ளை குரல். "வழி கேக்கலாம்னு கதவைத் தட்டினோம், தானா தெறந்துச்சு. உள்ள வந்தோம், தானா பூட்டிக்கிச்சு. மூணு தாழ்ப்பாள். ஆறு பேரு சேர்ந்து இழுத்தும் அசையலை."

"பயமா இருக்கா?"

"இல்லை. அடுப்புக் குழியில சுள்ளி கிடந்துச்சு, தீ மூட்டிட்டோம். எங்க அத்தை தூங்கிட்டாங்க. மாமா மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு…"

"நான் வண்டியேறப் போறேன்!"ன்னு உள்ள இருந்து சுருளி மாமா கத்துனாரு. "பொண்ணு வீட்டுக்குப் போற வழியில கதவு பூட்டிக்கிட்டா அது என்ன சகுனம்? கதவு தெறந்ததும் நேரா பஸ்ஸுக்குத்தான்! அச்ச்சூ!"

அப்போ, மேல பொகைக்கூண்டுல இருந்து 'ஊஊம்ம்ம்'னு ஒரு சத்தம்.

"விடமாட்டேன்."

பவுனு மேல பார்த்தா. "யாரு பேசுறது?"

"யாரா? பொறந்ததுல இருந்து என்னைத் தாண்டித்தான் தண்ணிக்குப் போனே, பள்ளிக்கூடத்துக்குப் போனே. இப்ப யாருன்னு கேக்குறே பாரு. நான்தான்டி, கட்டடம்."

பவுனு பயந்து ஓடினாளா? இல்லை. கல்யாணம் நிக்கப்போற பயத்துல இந்தப் பயமெல்லாம் சின்னதாப் போச்சு.

"பெரியவரே, அவங்களை விட்டுடுங்க. என் கல்யாணம் நின்னுடும்."

"எத்தனையோ வருசம் கழிச்சு உள்ள ஆள் வந்திருக்கு. தீ எரியுது. பேச்சுக் குரல் கேக்குது. ஒரு அம்மா குறட்டை விடுது, கேக்கவே எவ்வளவு சுகமா இருக்கு! நான் எதுக்கு விடணும்? எரிஞ்சுபோன கொட்டாய்க்கு மரியாதை. சறுக்கிப்போன சாவடிக்கு மரியாதை. நான் வெயில்லயும் மழையிலயும் நிக்கிறேன். என்னைச் சொல்லி யாராவது வழி சொன்னாங்களா?"

பவுனு யோசிச்சுப் பார்த்தா. அவளும் சொன்னதில்லையே.

"சரி. நான் என்ன செய்யணும்?"

"உங்க ஊர்க்காரங்க மூணு பேரு என்னைச் சொல்லி வழி சொல்லட்டும். ஒருத்தர் சொன்னா ஒரு தாழ்ப்பாள் விடும். ஆனா கட்டடம்னு நீ எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவங்களா சொல்லணும். எனக்குக் காது ரொம்பக் கூர்மை."

ம்?

ம்… கண்ணு சொக்குது பாரு. இரு, இனிமேத்தான் வேடிக்கை.

பவுனு நேரா கனி பாய் டீக்கடைக்குப் போனா. பனியில டீக்கடை தெரியலை, பாய்லர் மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. குல்லாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டு, குரலை மாத்திக்கிட்டா.

"அண்ணே, நான் அசலூரு. பஸ் நிக்கிற திருப்பத்துல எனக்காக ஆளு காத்திருக்கு. எப்படிப் போகணும்?"

"ரொம்ப சுலபம்மா. கொட்டாய்க்குப் பின்னால."

"கொட்டாய் தெரியலையே அண்ணே."

"எரிஞ்சுபோச்சும்மா, எப்படித் தெரியும்?"

"எரிஞ்சுபோனதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மோந்து பாரும்மா! மழைக்காலத்துல இன்னும் கருகின வாசம் அடிக்கும்."

"எனக்குச் சளி அண்ணே. மூக்கு அடைச்சிருக்கு."

கனி பாய் டீ ஆத்துறதை நிறுத்திட்டாரு. அவரு வாழ்க்கையில இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை. தாடியைச் சொறியுறாரு. சாவடியைச் சொல்லலாம்னா அது இன்னும் மேல இருக்கு. கல்லுக்குளம்னு சொல்லலாம், குளத்தைத் தூர்த்தாச்சு. ஆலமரம்னு சொல்லலாம், மரத்தை வெட்டியாச்சு. பாவம், வேர்த்தே போச்சு அவருக்கு. கம்பளிமேட்டுல ஒரு மனுசனுக்கு வேர்த்தது அன்னைக்குத்தான்!

"அட, வேற ஒண்ணும் இல்லைம்மா… திருப்பத்துக்கு மேல… தகரக் கூரை போட்ட கல்லுக் கட்டடம் ஒண்ணு நிக்கும். அதுக்கு முன்னாலதான்!"

தூரத்துல 'டொக்'!

ஒரு தாழ்ப்பாள் விட்டுச்சு.

அப்புறம் பவுனு ரோட்டுல நின்னா. டிங் டிங் டிங்னு மணிச் சத்தம். மட்டக்குதிரைக்காரர் எல்லப்பன் உருளைக்கிழங்கு மூட்டை ஏத்திக்கிட்டு வர்றாரு. அவரு பேசுறதே அபூர்வம். குதிரைகிட்ட மட்டுந்தான் பேசுவாரு.

"அண்ணே, நான் அசலூரு. குளிருது. ஒதுங்க ஒரு இடம் சொல்லுங்களேன்."

எல்லப்பன் குதிரையைப் பார்த்தாரு. குதிரை எல்லப்பனைப் பார்த்துச்சு.

"இதைக் கேளுங்க"ன்னாரு.

"குதிரையையா?"

"எனக்கு வழி தெரியாது. நான் அது பின்னாலதான் போறேன். அதுக்கும் மறதி, ஆனா மழைன்னா மட்டும் ஒரு எடத்துக்குச் சரியாப் போயிடும்."

"எந்த எடம் அண்ணே?"

எல்லப்பன் குதிரையோட காதுல என்னமோ கேட்டாரு. குதிரை 'ப்ர்ர்ர்'ருன்னுச்சு. தலையைத் திருப்பி, பனிக்குள்ள ஒரு பக்கமா மூக்கை நீட்டுச்சு.

"அதோ, கல்லுக் கட்டடம். தகரம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும். மழைக்கு எப்பவும் அங்கதான் ஒதுங்குது. இப்படியே அது மூக்குக்கு நேரா போங்க."

டொக்!

ரெண்டாவது தாழ்ப்பாளும் விட்டுச்சு. பாரேன், மனுசங்க மறந்ததைக் குதிரை ஞாபகம் வச்சிருந்துச்சு. அதுக்குப் பவுனு தன் தலையில மிச்சமிருந்த பூவைக் கொடுத்தா. அது மென்னு தின்னுடுச்சு.

ம்… ம் சொல்லு… ம்.

அப்போ மேல இருந்து, "பவுனு! ஏ பவுனு! ஆத்தா எங்கடி இருக்கே!"ன்னு வீரணன் கத்திக்கிட்டு வர்றாரு. அவரு பின்னால மேளக்காரங்க. டும் டும் பீப்பீன்னு. அவங்க பின்னால பந்திச் சோத்து அண்டா. மாப்பிள்ளையைத் தேடப் போன பொண்ணைத் தேடி ஊரே கிளம்பிடுச்சு. ஆனா பனியில ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியலை. மேளம் ஒரு பக்கம் போகுது, அண்டா ஒரு பக்கம் போகுது.

பவுனு கட்டடத்துக்கிட்ட ஓடி வந்து நின்னா. "அப்பா! இங்க இருக்கேன்! மாப்பிள்ளையும் இங்கதான்!"

"எங்க?"

சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா எடுத்துக்கொடுத்ததா ஆயிடும். கையால வாயைப் பொத்திக்கிட்டா.

வீரணன் மக குரலைப் பிடிச்சுக்கிட்டு வேகமா வந்தாரு, வந்தாரு… ணங்!

நெத்தியில இடிச்சுக்கிட்டாரு.

"ஐயோ! எவன்டா ரோட்டுல சுவரு வச்சது!"

"நூறு வருசமா வச்சிருக்கு"ன்னுச்சு பொகைக்கூண்டு, மெதுவா.

வீரணன் நெத்தியைத் தேய்ச்சாரு. மக கையைப் பிடிச்சதும் அவருக்கு உசுரு வந்துச்சு. "இருந்தியா ஆத்தா"ன்னு குல்லாவோட சேர்த்து அவ தலையைக் கட்டிக்கிட்டாரு. அப்புறம் திரும்பி, மேளக்காரங்களுக்குக் குரல் கொடுத்தாரு:

"மேளக்காரரே! இங்க வாங்க! கொட்டாய்க்குக் கொஞ்சம் மேல!"

டும் டும் டும்… மேளம் கீழ இறங்கிப் போயிடுச்சு.

"அங்க இல்லைய்யா! சாவடிக்குக் கொஞ்சம் கீழ!"

டும் டும்… மேளம் இன்னும் தூரமாப் போச்சு.

"குதிரை ஆஸ்பத்திரிக்கு நேர் கீழ!"

டும்… மேளம் எங்கிட்டுப் போச்சுன்னே தெரியலை. அண்டா தூக்கினவங்க குரல் பள்ளத்துல கேக்குது.

உள்ள இருந்து சுருளி மாமா: "உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு! நான் செருப்பை மாட்டிட்டேன்!"

பவுனு கண்ணுல தண்ணி. அப்பாவையே பார்க்குறா. சொல்லமுடியலை, சொல்லாம இருக்கவும் முடியலை.

"அப்பா, நான் எங்க நிக்கிறேன்? எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீயே சொல்லுப்பா. இல்லாததைச் சொல்லாதே. உன் நெத்தியில எது இடிச்சுச்சோ அதைச் சொல்லு."

வீரணன் மெதுவா கையை நீட்டினாரு. சுவரைத் தொட்டாரு. ஈரக் கல்லு, ஆனா உள்ள தீ எரியுறதால லேசா வெதுவெதுன்னு இருக்கு. அண்ணாந்து பார்த்தாரு. இத்தனை வருசத்துல அதை அண்ணாந்து பார்த்ததே இல்லை. பொகைக்கூண்டுல இருந்து பொகை கிளம்பி, பனியை ஓட்டை போட்டுக்கிட்டு மேல போகுது.

"அட…"ன்னாரு. "நீ இங்கயேதான் இருக்கியா?"

அப்புறம், மார்பு நிறைய மூச்சு இழுத்துக் கத்தினாரு பாரு:

"ஏய்ய்ய்! எல்லாரும் கேளுங்க! பஸ் திருப்பத்துக்கு மேல கல்லுக் கட்டடம்! தகரக் கூரை! பொகை வாசனையைப் பிடிச்சு வாங்க! மாப்பிள்ளை மாட்டின வீட்டுக்கு வாங்க!"

டொக்!

மூணாவதும் விட்டுச்சு. கிரீஈஈச்சுன்னு கதவு தெறந்துச்சு. உள்ள இருந்து மஞ்ச வெளிச்சம் பனியில கொட்டுச்சு. வாசல்ல தவசி, முகமெல்லாம் கரி. பவுனைப் பார்த்ததும் அவனுக்கு வெக்கம் வந்து, அதே ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு.

பவுனு உள்ள எட்டிப் பார்த்தா. நாலு சுவரையும் ஒட்டி நீளமா கல்லுத் திண்ணை. நடுவுல பெரிய அடுப்புக் குழி. சுவர்ல வரிசையா மர முளை. ஒவ்வொரு முளையிலயும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோட நனைஞ்ச துண்டு காயுது.

"பெரியவரே"ன்னா பவுனு மேல பார்த்து. "உங்களை எதுக்குக் கட்டினாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பனியில வழி தவறினவங்க உக்கார்ந்து குளிர்காயத்தான்."

"அப்படியா?"ன்னுச்சு கட்டடம். "எனக்கே மறந்துபோச்சுடி. அப்ப நான் இன்னைக்குச் செஞ்சது என் வேலையைத்தானா?" தகரக் கூரை சந்தோசத்துல தடதடன்னு ஆடுச்சு.

அப்போ மேளம் வந்துச்சு, அண்டா வந்துச்சு, ஊரு வந்துச்சு. எல்லாரும் பொகை வாசனையைப் பிடிச்சே வந்தாங்க, ஒருத்தரும் தவறலை. மேல வீட்டுக்குப் போக நேரம் ஏது? அங்கயே, அடுப்புக்கு முன்னாலயே மணவறை. வீரணன் கையைப் பிசைஞ்சுக்கிட்டு சுருளி மாமாகிட்ட வந்தாரு.

"மச்சான், சகுனம்…?"

சுருளி மாமா தீக்கு ரொம்பக் கிட்ட உக்கார்ந்திருந்தாரு. மாட்டின செருப்பைத் திரும்பக் கழட்டிட்டாரு. கையில கனி பாய் டீ.

"சகுனமா? வழி தெரியாம நின்னவனுக்குக் கதவு தானா தெறந்து, தீயும் திண்ணையும் கிடைச்சிருக்கு. இதைவிட நல்ல சகுனம் எவனுக்குக் கிடைக்கும்? தாலியை எடுங்கய்யா, தும்மல் வர்றதுக்குள்ள!"

டும் டும் டும் டும்! பீப்பீ! தாலி ஏறுச்சு. அது ஏறின அப்புறந்தான் அவருக்குத் தும்மல் வந்துச்சு. அச்ச்சூ! அத்தை அப்பத்தான் முழிச்சாங்க. "வீடு வந்துடுச்சா?"ன்னு கேட்டாங்க.

வந்துடுச்சு, வந்துடுச்சு.

அப்புறம் என்ன? பவுனு அந்த மூணு தாழ்ப்பாளையும் கழட்டிட்டா. ஒண்ணுல எல்லப்பன் குதிரையைக் கட்டினாரு. ஒண்ணைக் கனி பாய் பாய்லர் கிளற வச்சுக்கிட்டாரு. மூணாவது எங்கன்னு எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பனி இறங்குற அன்னைக்கெல்லாம் யாராவது ஒருத்தர் போயி அங்க தீ மூட்டிடுவாங்க. வழி கேட்டா இப்பல்லாம் ஊரே முதல்ல அதைத்தான் சொல்லுது. எரிஞ்ச கொட்டாய்க்கு அதுல ரொம்பக் கோவமாம். கோவிச்சுக்கிட்டுப் போகட்டும், அதான் ஏற்கெனவே போயிடுச்சே.

ம்?

…ம் காணோம்.

தூங்கு, தூங்கு. நாளைக்கு யாராவது நீ தூங்குற இந்த வீட்டுக்கு வழி கேட்டு வந்தா, கனி பாய் பேரன் என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியும். மாப்பிள்ளை மாட்டின வீட்டுக்கு மேல, பொகை வாசனை எட்டுற தூரத்துலன்னு சொல்லுவான். வெளிய பனி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். அங்க கதவு தெறந்தே கிடக்கு, தீ எரியுது, வரவேண்டியவங்க எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு.

கதையும் வீடு வந்து சேர்ந்துடுச்சு. கண்ணை மூடிக்க.